கொறங்காட்டுக்குப் பூட்டு

என் சாவிக்கொத்தில் ஐந்து சாவிகள் இருக்கின்றன. வீட்டு முன்கதவு, பின்கதவு, பீரோ, ஸ்கூட்டர் ஆகிய நான்கும் அன்றாடம் புழங்குபவை. ஐந்தாவது கனமானது, தலைப்பக்கம் துருவேறியது. காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில் இறங்கி, உள்ளே கொஞ்ச தூரம் நடந்தால் வரும் எங்கள் காட்டின் இரும்பு கேட்டுக்கு உரியது. பைக்குள் கையை விட்டால் முதலில் தட்டுப்படுவது அதுதான். பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, அவசரத்தில் அதையே பூட்டுக்குள் திணித்து மல்லுக்கட்டுவேன். "காங்கேயத்துச் சாவிக்கு இந்தக் கதவு தொறக்காது. எத்தனை வருசமாச் சொல்றேன், கழட்டி வெச்சுரு" என்பார் என் கணவர். கழற்றி வைத்துப் பார்த்தேன், இரண்டு முறை. இரண்டு முறையும் சாயங்காலத்துக்குள் மனம் கேட்காமல் மறுபடி கோத்துவிட்டேன். எந்தக் காரியத்தையும் கையோடு முடிக்காவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. இந்த ஒன்று மட்டும் பத்து வருடமாக இழுத்துக்கொண்டே இருக்கிறது.

அது கொறங்காடு. வானத்தை நம்பிய மேய்ச்சல் நிலத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். நான்கு பக்கமும் கிளுவை வேலி, தரையில் கொழுக்கட்டைப் புல், இடைவெளி விட்டு நிற்கும் வெள்வேல மரங்கள். ஏர் பூட்டுவதில்லை, தண்ணீர் பாய்ச்சுவதில்லை. கோயமுத்தூரில் நான் தாவரவியல் நடத்தும் கல்லூரியிலிருந்து உடன் வேலை பார்ப்பவர்களை ஒருமுறை அங்கே அழைத்துப் போனேன். "என்னங்க மேடம், பன்னெண்டு ஏக்கராவும் சீமைக் கருவேலா?" என்று கேட்டார் ஒருவர். சீமைக் கருவேல் எங்கிருந்தோ வந்து குளம் குட்டையெல்லாம் அடைத்துக்கொண்ட மரம். வெள்வேல் இந்த மண்ணிலேயே பிறந்தது. தாவரவியல் படித்தவர் கேட்கிற கேள்வியா அது? திரும்பி வரும் வழியெல்லாம் வேனில் அவரை விடாமல் பிடித்துவைத்துப் பாடம் எடுத்தேன். பாவம், பல்லடம் வருவதற்குள் தூங்கிவிட்டார்.

அவருக்குச் சொல்லி முடிக்காததை இங்கே சொல்லிவிடுகிறேன். வெள்வேலின் பட்டை இளமையில் வெளிறிய மஞ்சளாக இருக்கும், வயதாக ஆகக் கறுத்துச் செதில் செதிலாக உரியும். ஒவ்வொரு இலையின் அடியிலும் நேரான இரண்டு முட்கள். இலை பொடிப்பொடியாகப் பிரிந்திருப்பதால் வெயிலைச் சல்லடையில் சலித்ததுபோல் கீழே இறக்கும். அதனால்தான் மரத்தடியிலும் புல் வளர்கிறது. வேர் முடிச்சுகள் மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்க்கின்றன. மழைக்காலத்தில் கிளை நுனியெல்லாம் வெளிர்மஞ்சள் உருண்டைகளாகப் பூக்கும். காய் முற்றி உதிர்வது பங்குனி சித்திரையில், காடு முழுக்கக் காய்ந்து ஆடுமாடு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலையும் நேரத்தில். தட்டையாக, லேசாக வளைந்து, தவிட்டு நிறத்தில் இருக்கும் அந்தக் காய்தான் கோடைக்குத் தீவனம். கட்டை சிவந்தது, கனமானது. காய்ந்துவிட்டால் ஆணி அடிக்க முடியாது. ஏர்க்கால், உலக்கை, வண்டிச் சாமான், வேலிக்கால் என்று ஒரு காலத்தில் எல்லாம் அதில்தான். பட்டையைத் தோல் பதனிடக் கொண்டுபோனார்கள். அதே பட்டையை ஊறலில் போட்டுச் சாராயம் காய்ச்சியவர்களும் உண்டு, அதை நான் வகுப்பில் சொன்னால் மட்டும் கடைசி பெஞ்சு நிமிர்ந்து உட்காரும். பிசின் எடுத்தார்கள், கரி சுட்டார்கள். இத்தனைக்கும் பயன்படுகிற மரத்தை யாரும் நட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அது தானாக வந்துகொண்டிருந்தது. எப்படித் தானாக வந்தது என்று யோசிக்காமல் போனதுதான் நான் சொல்ல வருகிற கதை.

என் அப்பா காலத்தில் அந்தக் காட்டில் மேய்ந்தவை ஆட்டுக்காரம்மாவின் ஆடுகள். எங்கள் வீட்டில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவர் குடும்பம் தலைமுறையாக எங்களைப் போன்றவர்களின் தோட்டங்களில் கூலி வேலை செய்தது. இரண்டே வெள்ளாட்டை வைத்துத் தொடங்கி, வெள்ளாடும் செம்மறியும் கலந்து ஒரு பட்டி நிறையப் பெருக்கியது அவருடைய சாமர்த்தியம். அப்பா அவரை ஒருமையில்தான் கூப்பிடுவார். நான் கல்லூரிக்கு வேலைக்குப் போன பிறகு மரியாதையாகப் பேசத் தொடங்கினேன், அதைப் பெரிய தாராளம் என்றும் நினைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

அவருக்கும் அப்பாவுக்கும் இருந்த ஏற்பாடு எளிமையானது. ஆடுகள் எங்கள் காட்டில் மேயும், இரவில் அங்கேயே பட்டியில் அடையும். மூங்கில் படல்களைச் சதுரமாக நட்டு ஆடுகளை உள்ளே அடைப்பதுதான் பட்டி. நாலு நாளைக்கு ஒருமுறை படல்களைப் பிடுங்கிப் பக்கத்தில் நகர்த்தி நடுவார். இப்படிச் சதுரம் சதுரமாக வருடம் முழுவதும் காட்டைச் சுற்றி வரும். புல் அவர் ஆட்டுக்கு, புழுக்கை எங்கள் மண்ணுக்கு. பேச்சு அவ்வளவுதான், எழுத்து எதுவும் கிடையாது. கோடையில் நீண்ட தொரட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வருவார். தொரட்டியைப் பார்த்தாலே ஆடுகளுக்குத் தெரிந்துவிடும்; கிளையை உலுக்குவதற்கு முன்பே மரத்தடியில் முண்டியடிக்கும். காய்கள் சடசடவென்று விழ, அவர் தலைமேலும் விழ, "அட, என்ற தலை என்ன ஆட்டுத் தொட்டியா?" என்று மரத்தையே ஏசுவார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகள் பட்டியிலேயே கத்திக்கொண்டிருக்கும். அவர் கோயிலில் ஆராதனை முடிந்து, நல்ல சேலை கலையாமல், வேதாகமத்தை ரவிக்கையோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக வருவார். "சித்தெ பொறுக்க மாட்டீங்களா? பாட்டு முடிய வேண்டாமா?" என்று ஆடுகளிடம் சொல்லிக்கொண்டே படலைத் திறப்பார். மதியம் தண்ணீர் காட்ட ஆடுகளைக் குட்டைக்கு ஓட்டிப்போய், பொழுது சாயத் திரும்பி வருவார். அப்போது காட்டு வாசலுக்குக் கதவு கிடையாது, முள்ளைச் சேர்த்துக் கட்டிய ஒரு படல்தான். அதை இழுத்துவிட்டு, நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் கொடுத்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நிற்பார். ஆடுகள் புழுதி கிளப்பிக்கொண்டு அவரை உரசி உள்ளே போகும். எண்ண மாட்டார். முகத்தைப் பார்த்தே எது குறைகிறது என்று சொல்லிவிடுவார். கடைசி ஆடும் நுழைந்த பிறகு, காட்டுக்குள் இருந்த சாளைக் குடிசையின் வாசலில் கட்டிலில் கிடக்கும் அப்பாவைப் பார்த்து உரக்கச் சொல்வார்: "எல்லாம் உள்ள போயாச்சுங்க." அப்பா கையைத் தூக்குவார். என் அப்பாவின் ஒரு நாள் அந்தக் குரலோடுதான் முடியும்.

அப்பா இறப்பதற்கு முந்தின ஆடி மாதம் காற்று பேயாக வீசியது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கிளம்பி வரும் காற்றுக்கு எங்கள் காடு நேர் எதிரே இருக்கிறது. ஒரே வாரத்தில் இரண்டு பெரிய மரங்கள் வேரோடு சாய்ந்தன. படுக்கையில் இருந்தவரிடம் மறைக்கத்தான் பார்த்தோம், யாரோ சொல்லிவிட்டார்கள். "அந்தக் காட்ட மட்டும் மொட்டையாக்கிப் போடாத அம்மணி" என்றார் என்னிடம். மற்ற சொத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் சரி என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த வார்த்தை அன்றிலிருந்து என்னைப் பிடித்து ஆட்டத் தொடங்கியது. நிற்கிற மரங்கள் எல்லாம் கிழடு. இவை சாய்ந்தால் அப்புறம் என்ன? அடுத்த தலைமுறை மரம் எங்கே? அப்பாவின் காரியம் முடிந்த மறுவாரமே காட்டைச் சுற்றி நடந்து கன்றுகளைத் தேடினேன். சாண் உயரத்தில் ஒன்றைக் கண்டேன். தழையெல்லாம் கடித்து எடுக்கப்பட்டு, முள்ளும் குச்சியுமாக நின்றது. பக்கத்திலேயே புழுக்கை. குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்த போலீஸ்காரரைப்போல எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது.

யாரையும் கேட்கவில்லை. கேட்கிற பொறுமை எனக்கு எப்போதுமே கிடையாது. பெரியநாயக்கன்பாளையத்தில் என் கணவருக்குத் தெரிந்த பட்டறையில் இரும்பு கேட் அடிக்கச் சொல்லி, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் முள்படல் இருந்த இடத்தில் நிறுத்தினேன். காட்டுக்குள் அங்கங்கே கிடந்த சின்னச் சின்ன முள் குவியல்களையும் ஆள் விட்டு அள்ளிக் கொளுத்தினேன். காடு சுத்தமாகிவிட்டதாக ஒரு திருப்தி. ஆட்டுக்காரம்மா குட்டையிலிருந்து ஆடுகளோடு திரும்பும்போது நான் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"ஏனுங்க அம்மணி, படல எங்கீங்க?" என்றார்.

"ஆடு கன்னையெல்லாம் கடிச்சுப் போடுதுங்க. கொஞ்ச வருசம் காட்டுக்கு ஓய்வு குடுக்கலாம்னு இருக்கறேன். இனி நீங்க வேற காடு பாத்துக்கோங்க" என்றேன். முன்கூட்டியே ஒத்திகை பார்த்த வாக்கியம்.

ஆடுகள் பழக்கத்தில் கேட்டுக் கம்பிகளுக்கு இடையே மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தன. அவர் அவற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்தினி ஆட்ட ஓட்டிக்கிட்டு நான் எங்கீங்க போவேன்? எல்லாரும் காட்ட வித்துத் தென்னை வெச்சுப் போட்டாங்க" என்றார். பிறகு, "ஆடு போகாத காட்டுல வேலு மொளைக்காதுங்க அம்மணி" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை அவர் எப்படிச் சொன்னார் என்று எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னார். எனக்கோ அது மேய்ச்சல் போகிறதே என்ற பயத்தில் கட்டிய கதையாகப் பட்டது. "ஏனுங்க, நான் இதத்தான் காலேஜ்ல பாடம் நடத்தறேன்" என்றேன். "அப்பச் சரிதானுங்க" என்றார். ஆடுகளைத் திருப்பினார். அவை திரும்ப மறுத்தன. ஒவ்வொன்றாகக் கழுத்தைப் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. நான் உதவவில்லை. பூட்டுப் பூட்டும் சத்தம் கேட்டதும் எனக்கு அப்பாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி வந்தது. உண்மையாகவே வந்தது.

பிறகு ஆறு ஏழு வருடம் நான் படாத பாடில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை சிங்காநல்லூரில் பஸ் ஏறிப் போய்விடுவேன். புல் இடுப்புயரம் வளர்ந்தது, காய்ந்தது, அதன்மேலேயே மறுபடி வளர்ந்தது. கன்று ஒன்றுகூட வரவில்லை. உதிர்ந்த காய்களை எடுத்து உடைத்தால் விதைக்கு விதை வண்டு துளைத்த ஓட்டை. கல்லூரி ஆய்வகத்தில் நல்ல விதைகளை அமிலத்தில் நனைத்து, பையில் முளைக்க வைத்து, வளர்த்துக் கொண்டுபோய் நட்டேன். வெள்வேலுக்கு ஒரு குணம் உண்டு. தலையைத் தூக்குவதற்கு முன்னால் ஆணிவேரை நேராகக் கீழே இறக்கும். பைக்குள் இறங்க இடமில்லாமல் அந்த வேர் சுருண்டுபோயிருந்தது. நட்டவை எல்லாம் ஒரு கோடைக்கு நிற்கவில்லை. மறுவருடம் ஆழமான பை வாங்கினேன். அவற்றைப் புல்லே மூடிக் கொன்றது. வீட்டில் யாராவது கொறங்காடு என்று வாயெடுத்தால் எரிந்துவிழுவேன். வகுப்பில் பொறுமையில்லை. நடு இரவில் அல்ல, பட்டப்பகலில், சோறு தின்று கொண்டிருக்கும்போதே எழுந்து சாவியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போன நாள்கூட உண்டு.

அந்த வருடங்களில் ஒருநாள் பஸ் காங்கேயத்துக்குள் நுழையும் முன் ஒரு தேங்காய்க் களத்தின் அருகே நின்றது. களத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உடைத்த தேங்காயைக் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதாக இருந்தவர் ஆட்டுக்காரம்மா. ஆடுகளைச் சந்தையில் விற்றுவிட்டார் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன், கண்ணால் பார்க்கும்வரை அது ஒரு செய்தியாக மட்டும் இருந்தது. அவர் நிமிர்ந்து பஸ்ஸைப் பார்த்தார். நான் சட்டென்று குனிந்து செருப்பைச் சரிசெய்தேன். செருப்பு சரியாகத்தான் இருந்தது.

ஏழாவது வருடம் பங்குனியில் காடு தீப்பிடித்தது. நான் கல்லூரியில் தேர்வு மேற்பார்வையில் இருந்தேன், போன் பையில் கிடந்தது. வெளியே வந்து பார்த்தால் பக்கத்துக் காட்டுக்காரரிடமிருந்து பதினோரு அழைப்பு. நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. ஏழு வருடமாக எந்த வாயும் படாமல் சேர்ந்த காய்ந்த புல். பீடித்துண்டோ, கம்பியின் பொறியோ, எது பட்டாலும் போதும். "டேங்கர்ல தண்ணியோட டிராக்டர் உடனே வந்துருச்சுங்க. கேட்டு பூட்டியிருந்துச்சு" என்றார் அவர். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. பூட்டை உடைக்க முடியாமல், கடைசியில் வேலியை டிராக்டரால் இடித்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறார்கள். அதற்குள் பாதி மரம் கருகிவிட்டது. சாவி என் பையில்தான் இருந்தது, கோயமுத்தூரில். புகை எழும் மரங்களுக்கு நடுவே நின்று அப்பாவை நினைத்தேன். மொட்டையாக்காதே என்றார். நான் மொட்டையாக்கிவிட்டேன். அன்று அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. கேட்டைப் பூட்டாமலே திரும்பி வந்தேன்.

சித்திரை கடைசியில் நல்ல மழை. இருந்தும் நான் போகவில்லை, பார்க்கத் தெம்பில்லை. ஆனியில் பக்கத்துக் காட்டுக்காரர்தான், "ஒரு எட்டு வந்து பாருங்க, உங்க காட்டுல என்னமோ கட்டம் கட்டமா மொளைச்சிருக்குது" என்றார். போனேன். கரிபிடித்த தரையில், மெல்லிய புல்லுக்கு நடுவில், பச்சைச் சதுரங்கள். எல்லாம் விரல் நீள வெள்வேலங் கன்று. சதுரத்துக்குள் நெருக்கமாக, சதுரத்தைத் தாண்டினால் ஒன்றுமில்லை. யாரோ அளவெடுத்துப் பாத்தி கட்டி விதைத்ததைப்போல, ஒரு சதுரத்தை ஒட்டி அடுத்த சதுரம், அதை ஒட்டி இன்னொன்று, வேலியோரமாக வளைந்து போனது அந்த வரிசை.

எனக்குப் புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. குந்தி உட்கார்ந்து கையால் மண்ணைக் கிளறினேன். மக்கிய புழுக்கைத் துகள், அதற்குள் இன்னும் முளைக்காத விதைகள், லாடம்போல் வளைந்த கோடு போட்ட பழுப்பு விதைகள். வண்டு தொடாதவை. ஆடு காயைத் தின்று, பட்டியில் படுத்து அசைபோட்டுத் துப்பியும் புழுக்கையோடு போட்டும் விட்ட விதைகள். அவற்றில் உடனே முளைக்காதவை ஏழு வருடமாக அந்த மண்ணிலேயே உறங்கி, நெருப்பின் சூட்டில் தோல் வெடித்து, மழையில் எழுந்திருக்கின்றன. விதை உறக்கம் பற்றி நான் இருபது வருடத்துக்கும் மேலாகப் பாடம் நடத்தியிருக்கிறேன். உறக்கம் கலைவதற்கான காரணங்கள் என்று என் குறிப்பேட்டில் வரிசையாக இருக்கும்: வெந்நீர், அமிலம், தீ, விலங்குகளின் குடல் வழியே செல்லுதல். வருடா வருடம் இரண்டு மதிப்பெண் கேள்வி. கடைசி வரியை எழுத விட்டவர்களுக்கு நான் அரை மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

அங்கிருந்து நேராகக் காங்கேயம் களத்துக்குப் போனேன். ஆட்டுக்காரம்மா என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். முட்டியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தவணையாக எழ வேண்டியிருந்தது. நான் சொல்ல வந்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். நான் செய்தது தப்பு, நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள், ஆடு வாங்கித் தருகிறேன், வாருங்கள் என்று. அவர் உள்ளங்கையில் ஒட்டியிருந்த தேங்காய் நாரைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"கட்டங் கட்டமாவா இருக்குது?" என்றார். அதுதான் அவருடைய முதல் கேள்வி.

"ஆமாங்க."

"ஞாயித்துக்கெழம கோயில் முடிச்சுப்போட்டு வாரேனுங்க" என்றார்.

வந்தார், அதே வேகத்தில் இல்லை, அதே நல்ல சேலையில். வேதாகமம் கையில் இருந்தது. திறந்து கிடந்த கேட்டைத் தாண்டும்போது ஒரு பார்வை பார்த்தார். சதுரங்களின் ஓரமாகவே மெதுவாக நடந்தார், ஒரு கன்றையும் மிதிக்கவில்லை. "இது மோளச்சி ரெட்டைக் குட்டி போட்ட வருசத்துப் பட்டிங்க" என்றார் ஓரிடத்தில் நின்று. மோளச்சி என்பது கொம்பில்லாத ஒரு வெள்ளாடு. "இங்கதான் மழைல படலு சாஞ்சு ராவெல்லாம் புடிச்சுக்கிட்டு நின்னேன். இதா பாருங்க, இது கடைசிப் பட்டி. நீங்க இரும்பு கேட்டுப் போட்டீங்களே, அன்னிக்கு மறுநா நகத்தலாம்னு இருந்தேன்." நான் பார்த்தது கன்றுகளை. அவர் ஒவ்வொரு சதுரத்திலும் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. "ஆடு கன்னக் கடிச்சதும் நிசந்தானுங்களே? நான் பாத்தேனே" என்றேன்.

"கடிக்காம இருக்குமுங்களா? வருசத்துக்கு நாலஞ்சு மொளைக்கும். ரண்ட ஆடு திங்கும். எது நல்ல எடத்துல வந்திருக்குதோ அதச் சுத்தி நான் முள்ள வெட்டிப் போட்டுருவேன். அது தப்பிச்சுக்கும்."

நான் ஆள் விட்டு அள்ளிக் கொளுத்திய முள் குவியல்கள். அவர் குனிந்து ஒரு கன்றின் நுனியைத் தொட்டார். எழுந்தபோது எனக்கு உத்தரவே போட்டார். "இப்பப் பூட்டுங்க. இத்தினியும் ஒண்ணா மொளைச்சது நான் கண்டதில்லீங்க. இது ஆட்டு வாய்க்கு எட்டாத ஒசரம் போகட்டும். புல்ல மட்டும் அறுத்து வெளிய போட்டுருங்க, நெருப்புக்கு உடாதீங்க. ரண்டு மூணு வருசம் கழிச்சுத் தொறங்க."

"நீங்க வெச்சுக்கோங்க" என்று சாவியை நீட்டினேன். எனக்கு அதை யாரிடமாவது தள்ளிவிட வேண்டும்போல் இருந்தது, உண்மை அதுதான்.

அவர் வாங்கவில்லை. "ஆடில்லாதவளுக்குச் சாவி எதுக்குங்க அம்மணி? இனி ஆட்டுக்குப் பின்னால ஓட என்ற முட்டி ஒத்துக்காது. தொறக்கறப்பச் சொல்லியனுப்புங்க, வந்து நின்னு பாக்கறேன்" என்றார். குரலில் கசப்பு இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

டிராக்டர் இடித்த வேலியை அடைத்து, கேட்டைப் பூட்டினேன். ஆள் வைத்துப் புல் அறுத்தேன். கன்றுகள் முழங்கால் தொட்டன, இடுப்புக்கு வந்தன, நெருக்கத்தில் சில தாமாகவே பட்டுப்போக மிச்சமிருந்தவை விறுவிறுவென்று எழுந்தன. போன தை மாதம் என் தலைக்கு மேல் போய்விட்டன. பக்கத்துக் காட்டுக்காரர் தம் செம்மறிகளை இனி எங்கள் காட்டில் மேய்த்துப் பட்டி அடைப்பதாகச் சொன்னார். காடு பிழைத்துவிட்டது, அப்பாவுக்குச் சொன்ன வார்த்தை ஒருவழியாக நின்றுவிட்டது. இருந்தும் சாவியை எடுத்துக்கொண்டு போக நாள் தள்ளிக்கொண்டே இருந்தேன். ஆடுகள் வரும். அவருடைய ஆடுகள் வரப்போவதில்லை. சந்தைக்குப் போன மோளச்சியை எந்த மழையும் முளைக்க வைக்காது.

கடைசியில் போன வாரம் சொல்லியனுப்பினேன். ஞாயிறு, பொழுது சாயும் நேரம். செம்மறிகள் மறுநாள் வருவதாக ஏற்பாடு, அன்று நாங்கள் இரண்டு பேர்தான். பூட்டு துருவேறி இறுகியிருந்தது. இரண்டு கையாலும் திருகித் திறந்து, கேட்டை அகலத் தள்ளினேன். நான் உள்ளே போகக் காலெடுத்து வைத்தேன். அவர் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், ஆட்டுக்காரம்மா கேட்டின் ஓரத்தில் ஒதுங்கி, சேலையை ஒரு கையால் ஒடுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நாக்கைச் சுழற்றி அந்தச் சத்தத்தைக் கொடுத்தார். பாதையில் யாருமில்லை. அவர் கண் மட்டும் இடமிருந்து வலமாக, ஒவ்வொன்றாக, நிதானமாக நகர்ந்தது. நானும் என்னை அறியாமல் வழியை விட்டு விலகி நின்றேன். ஒரு பட்டி ஆடு நுழைய எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றோம்.

பிறகு அவர் சேலையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்தார். "எல்லாம் உள்ள போயாச்சுங்க அம்மணி" என்றார்.

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தார், கண் நிறைந்திருந்தது. அப்பா இருந்திருந்தால் கையைத் தூக்கியிருப்பார். எனக்குக் கை எழவில்லை. உள்ளங்கைக்குள் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன், திரும்பிவரும் பஸ்ஸில் பார்த்தபோது அதன் பல் பதிந்த தடம் அப்படியே இருந்தது.